ஊஞ்சலடித் தகடு

செத்தாலும் மச்சான் கடையில் வேலைக்குப் போவதில்லை என்று சபாபதி அன்று காலை மறுபடியும் ஒரு சபதம் எடுத்தார். சபாபதி என்ற பெயரில் சபதத்துக்கு வேண்டிய எழுத்தெல்லாம் ஏறக்குறைய இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெயர் 'பதி' என்றல்லவா முடிகிறது? பதி என்றால் புருஷன். புருஷன் எடுத்த சபதம் எந்த ஊரில் நிலைத்திருக்கிறது?

அது எண்பத்தேழாம் வருஷம். நாடு முழுக்கத் தொழிற்சாலைகள் ஆள் குறைத்துக் களைத்திருந்த நேரம். ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலை சபாபதியையும் குறைத்திருந்தது. அங்கே ஸ்டோருக்கு சூப்பர்வைசராக இருந்தவர், இப்போது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஒரு சாய்வு நாற்காலிக்கு சூப்பர்வைசர். காலையில் அதில் சாய்ந்தால் சோற்றுக்குத்தான் எழுவார். சோறு தின்று சாய்ந்தால் விளக்கு வைக்கும் நேரம். தாடி அதுபாட்டுக்கு வளர்ந்தது. பழைய கூட்டாளிகள் முதலில் மாடியேறி வந்து பார்த்தார்கள். பிறகு கீழே நின்று கையசைத்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்ட நாள் முதல் ஆபீஸ் அதிகாரி அவரைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் தட்டி "சபார், சபார்" என்பார். பொறுமையாக இரு என்பதற்கு மலாயில் அதுதான் வார்த்தை. சபாபதி பொறுமையாக இருந்தார். பொறுமைக்குப் பலன் கடிதமாக வந்தது. கூடவே, இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி சொல்லும் ஒரு மரப் பலகையும் வந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்புத் தகடு, அதில் ஆங்கிலத்தில் நாலு வரி. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சபாபதி அதைக் கண்ணாடி அலமாரியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை. அலமாரியைத் துடைக்கும் புஷ்பவல்லி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் கேள்வி கேட்டால் சமாளித்துவிடலாம். கேட்காமல் இருந்தால்தான் சபாபதிக்குப் பயம்.

அன்று அவள் கேட்டாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன்."

"அப்ப சொல்லியே ஆவணும். ஒங்களுக்கு யாரோ வெச்சிட்டாங்க."

"என்னாத்த வெச்சாங்க? காப்பியா? இன்னும் வரலியே."

"செய்வினைங்க! கோயில்ல வீரம்மாவுக்கு அருள் வந்து சொல்லிச்சி. ஒங்க பேருல தகடு எழுதிப் பொதச்சிருக்காங்களாம். அதான் நீங்க எந்திரிக்க மாட்டேங்கிறீங்க."

சபாபதிக்குச் சிரிப்பு வந்து நாளாகியிருந்தது. அது வரும் வழியில் கொஞ்சம் துருப்பிடித்துவிட்டது. இருந்தாலும் தமிழ்ப்பள்ளியில் இலக்கணத்துக்குப் பரிசு வாங்கியவர் அவர்.

"புஷ்பா, எனக்கு வந்தது செய்வினை இல்ல. செயப்பாட்டுவினை. கடுதாசியில என்னா போட்டிருந்தான்? 'உமது சேவை நிறுத்தப்படுகிறது.' நிறுத்துனவன் எவன்னு இருக்கா? இல்ல. செஞ்சவன் பேரச் சொன்னா செய்வினை. செஞ்சவன் ஒளிஞ்சிக்கிட்டா செயப்பாட்டுவினை."

"அந்த எலக்கணத்தப் பாசாருக்குக் கொண்டு போனா ஒரு கட்டுக் கீரை குடுப்பானா?"

"நீ மூணாவதோட நின்னவ. ஒனக்குச் சொன்னா புரியாது."

"புரியாதுதான். எங்கண்ணன் கிள்ளான்ல ஸ்டோர் பாத்துக்க ஆள் இல்லாம முழிக்கிறாரு. அது மட்டும் புரியுது."

இதுதான் விஷயம். அவள் அண்ணன் தம்புசாமிக்குக் கிள்ளானில் லோரி ஸ்பேர்பார்ட்ஸ் கடை. நல்ல மனிதர்தான். ஆனால் மச்சான் முகத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குவது என்பது சபாபதிக்குத் தூக்குக் கயிறு. சொந்தக்காரர் கல்யாணத்தில் நாலு பேர் அவரைக் காட்டி, "பொண்டாட்டி வீட்டுல நிக்கிறாரு" என்று சொல்வது அவர் காதில் இப்போதே கேட்டது.

"சரி, அந்தத் தகட்ட எங்க பொதச்சிருக்காங்களாம்?" என்றார், பேச்சை மாற்ற.

"பிள்ளைங்க வெளையாடுற தெடல்ல. ஊஞ்சலுக்குக் கீழ."

"எந்தத் தெடல்?"

"சாமி அட்ரஸ் எல்லாம் குடுக்குமாங்க?" அவள் பெருமூச்சு விட்டாள். "மண்ணுக்குள்ள இருக்குற இரும்பு, செம்பெல்லாம் காட்டிக் குடுக்குற மாதிரி ஒரு மிஷின் இருந்தாத் தேவல. நம்ம மாதிரி ஏழபாழைங்களுக்கு அதெல்லாம் எங்க கெடைக்கும்?" சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

சபாபதி நாற்காலியில் நிமிர்ந்தார். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பக்கத்து வீட்டு வீரசிங்கத்திடம் அப்படி ஒரு மிஷின் இருக்கிறதே! சிட்னியிலிருந்து மகன் அனுப்பியது. இந்த யோசனை தன் சொந்த மூளையில் தானாக உதித்தது என்று சபாபதி அன்று மாலை வரை அல்ல, மறுநாள் மாலை வரை நம்பினார்.

"ஏய் புஷ்பா! இங்க வா. ஒரு பந்தயம். நாளைக்கு நாயித்துக்கெழம. நாள் பூரா திடல் திடலாத் தேடுறேன். தகடு கெடைக்கலன்னா ஒன் அண்ணன் கடப் பேச்ச இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது."

"கெடச்சிட்டா?"

"கெடச்சா நீ சொல்றபடி கேக்குறேன்."

"என்னா சொன்னாலும்?"

"என்னா சொன்னாலும்."

"அய்யய்யோ, அவ்ளோ பெரிய வாக்கெல்லாம் வேணாங்க" என்றாள் புஷ்பவல்லி. வேண்டாம் என்றதும் சபாபதி தலையில் அடித்துச் சத்தியமே செய்துவிட்டார்.

வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்துதான் கொடுப்பார். மிஷினை ஒரு கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். நீளக் கம்பு, அடியில் வட்டத் தட்டு, மேலே காதில் மாட்டும் கருவி.

"தம்பி, இது விளையாட்டுச் சாமான் இல்லை. மணல் படாமல் பாவிக்க வேணும்."

"மணலத் தோண்டத்தானேண்ணே வாங்கிட்டுப் போறேன்? மணல் படாம எப்படி?"

"அது உங்கட கெட்டித்தனம்" என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் வானம் மூடிக் கிடந்தது. சபாபதியின் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் பின்னால் புஷ்பவல்லி. அவள் மடியில் சோற்று அடுக்கு, கக்கத்தில் குடை, கையில் மிஷின். தட்டு மேலே பார்க்கும்படி நட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தாள். தைப்பூசம் இல்லாத மாதத்தில் காவடி போகிறதே என்று சிக்னலில் நின்ற லோரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

முதல் திடல் அவர்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்திலேயே. சபாபதி காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊஞ்சலடி மணலில் தட்டை அப்படியும் இப்படியும் ஆட்டினார். மிஷின் கீச்சென்று கத்தியது. புஷ்பவல்லி கொண்டுவந்திருந்த பழைய தோசைக் கரண்டியால் தோண்டினார். ஒரு சோடா மூடி. மறுபடி கீச். டின் பானத்தின் வளையம். மறுபடி கீச். இன்னொரு வளையம். மேல் மாடிகளில் இருந்து ஆள்கள் எட்டிப் பார்த்தார்கள். வேலை போன பிறகு சபாபதி முதல்முறையாக வெளியே வந்திருக்கிறார், அதுவும் மண்ணைக் கிளறிக்கொண்டு. ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் அவருக்குத் தாங்கவில்லை. கிறுக்குப் பிடித்தவனிடம் ஊர் அப்படித்தான் மரியாதையாக இருக்கும்.

"போதும் வா. அடுத்த தெடல்."

அடுத்தது பெட்டாலிங் ஜெயாவில், கம்போங் மேடான் பக்கம். அங்கே வேட்டை கொஞ்சம் கொழுத்தது. பூட்டிய நிலையில் ஒரு பூட்டு, சாவி இல்லாமல். ஒரு போலீஸ் விசில். பிறகு கம்பி வைத்த ஒரு பல் செட்.

"ஊஞ்சல் ஆடுற எடத்துல பல்லக் கழட்டி வெச்சவன் எவன்?" என்றார் சபாபதி.

"பேரன் ஆட்டிவிட்டிருப்பான். தாத்தா சிரிச்சிருப்பாரு. விழுந்திருக்கும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு இரண்டு பேருமே வேறு பக்கம் பார்த்தார்கள்.

திடல் காவலாளி வந்து நின்றார். "சாரி அபா, பாங்?" என்று கேட்டார். மலாயில் அதற்கு 'என்னண்ணே தேடுறீங்க' என்று அர்த்தம். சபாபதி பல் செட்டைக் காட்டினார். காவலாளி இரண்டு எட்டுப் பின்னால் போய், பிறகு மொத்தமாகவே போய்விட்டார்.

புஷ்பவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்: "பாத்தீங்களா? முன்னப் பின்னத் தெரியாத மனுசன், ஒங்கள அப்பாங்கிறாரு, சாரிங்கிறாரு. நாள் முழுக்க ஒழைச்சிக் கொட்டுனீங்களே, அந்தக் கம்பெனிக்காரன் ஒரு சாரி சொன்னானா?"

சபாபதிக்குச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் வேண்டாம் என்று தோண்டினார். இந்த முறை கரண்டி நுனியில் சின்னதாக ஒன்று மின்னியது. குழந்தைக் கொலுசிலிருந்து கழன்று விழுந்த வெள்ளி மணி. மண்ணை ஊதிவிட்டு ஆட்டினால் இன்னும் கிணுகிணுத்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் இரண்டு முறை வந்து தங்காமல் போனது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை. திடல் இருக்கும் தெருவில் போனால்கூட சபாபதி மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் முறுக்கித்தான் ஓட்டுவார். வீரம்மா மேல் வந்த சாமி வேறு இடமே பார்க்கவில்லையே என்று அவருக்கு நெஞ்சு கசந்தது.

"வேற எங்கயாச்சும் பொதச்சிருக்கக் கூடாதா?" என்று வாய்விட்டே சொன்னார்.

புஷ்பவல்லி அதற்குள் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். தடித்த உடம்பு, சங்கிலி முனகியது. காலால் மணலை லேசாக உந்திக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ரொம்ப நாளா ஒரு நாளு ஒங்களோட இந்த மாதிரி எடத்துக்கு வரணும்னு இருந்திச்சி. பிள்ள இல்லாதவங்க என்னான்னு சொல்லி வர்றது? இன்னிக்குத்தான் ஒரு காரணம் கெடச்சிச்சி. அந்த மணியக் குடுங்க இப்படி."

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சபாபதி கரண்டியை மணலில் வைத்தார். பின்னால் போய் ஊஞ்சலை ஒரே ஒரு தள்ளு தள்ளினார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தார்.

அடுத்த திடல் ஷா ஆலத்தில். ஊருக்குள் நுழைந்ததும் வழியிலேயே அவர் பழைய தொழிற்சாலை. நிறுத்துவதாக அவர் நினைக்கவே இல்லை. கப்சாய்க்கே பழகிய இடம் போலிருக்கிறது, வேலிக்கு எதிரே வந்ததும் வேகம் குறைந்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலும் உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் இல்லாமலும் ஓடுகிறது. அதுதான் அவரை அடித்தது. தான் போன மறுநாளே எல்லாம் குழம்பிப் போயிருக்கும், வந்து கூப்பிடுவார்கள் என்று ரொம்ப நாள் காத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே, வாசல் கதவைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். அது புஷ்பவல்லிக்கு மட்டும் தெரியும்.

அவள் கையோடு கொண்டுவந்திருந்த பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். வேலியோரமாக நின்று குடித்தார். தூறல் போட்டது.

ஷா ஆலம் ஏரிக்கரைத் திடலில் சல்லடை போட்டுத் தேடியும் கிடைத்தது ஒரே ஒரு துருப்பிடித்த போல்ட்டுதான். சபாபதி அதை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"நம்ம ஸ்டோர்ல இது மூணாம் ரேக்கு, ரெண்டாந் தட்டு. வலது கைப்பக்கம். ஈரம் பட்டா இதுதான் மொதல்ல துரு ஏறும், எண்ண தடவி வெக்கணும்."

"பாத்த ஒடனே தெரியுதா?"

"கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும்."

"அங்க அண்ணன் கடையில நிக்கிற பயலுங்களுக்குக் கண்ணத் தொறந்துவிட்டாலும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியல."

"புஷ்பா! அந்தப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னேன்ல?"

"தகடு கெடைக்கலன்னாத்தானே?" என்றவள், உடனே குரலை இறக்கினாள். "சரிங்க. போதும். கால் வலிக்குது, மழ வேற வருது. வீட்டுக்குப் போவோம். நீங்க ஜெயிச்சிட்டீங்க. வீரம்மா ஏதோ ஒளறியிருக்கு."

சபாபதிக்கு உச்சி குளிர்ந்தது. கடைசியாக எப்போது ஜெயித்தோம் என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகத்துக்கு வரவில்லை. ஜெயிப்பவன் பாதியில் ஜெயிக்கக் கூடாது.

"இல்ல. கிள்ளானையும் பாத்துடுவோம்."

"ஐயோ, வேணாங்க."

"ஒன் அண்ணன் கடைக்குப் பின்னால ஒரு தெடல் இருக்கே, அங்கயே தேடுறேன். நாளைக்கு அவரும் ஒரு பேச்சுப் பேசக் கூடாது பாரு!"

"என்னா பிடிவாதங்க ஒங்களுக்கு!" என்று அலுத்துக்கொண்டு அவள் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்சம் சீக்கிரமாகவே ஏறி உட்கார்ந்தாள்.

கிள்ளானில் அந்தத் திடல் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. ஒரு சறுக்கு மரம், ஒரு பக்கச் சங்கிலி அறுந்த ஓர் ஊஞ்சல். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தம்புசாமியின் கடை சாத்தியிருந்தது. சபாபதி கடையின் பின்கதவைப் பார்த்து ஒரு வெற்றிப் பார்வை பார்த்துவிட்டு, மிஷினை ஊஞ்சலடியில் நீட்டினார்.

மிஷின் அலறியது. காலையிலிருந்து போட்ட சத்தம் எல்லாம் ஒரு சத்தமா என்று கேட்பது போல அலறியது. அவர் காதிலிருந்து கருவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"சோடா மூடியா இருக்கும்" என்றாள் புஷ்பவல்லி, குடையை விரித்தபடி.

தோண்டினார். ஒரு முழம் போனதும் மஞ்சள் துணி தெரிந்தது. சின்ன மூட்டை. பிரித்தார். உள்ளே காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம், இரும்பு ஆணிகள். அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு. ஒரு பக்கம் முழுக்க மஞ்சளும் குங்குமமும் குழைத்து அப்பிக் காய்ந்து போயிருந்தது. மறுபக்கம் ஆணியால் கீறிய கட்டங்கள். கட்டங்களுக்குள் ஓம், ரீம். நடுக் கட்டத்தில், 'சபாபதி. விசாக நட்சத்திரம்.'

மனிதர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பகுத்தறிவு என்பது வெயிலில் நன்றாக வேலை செய்யும் சரக்கு. மழை மூட்டத்தில், ஆற்றோரத்தில், தன் பெயர் எழுதிய தகடு கையில் இருக்கும்போது அது எங்கோ ஓடிப் போய்விட்டது. வேலை போனது, கூட்டாளிகள் போனது, நாற்காலியை விட்டு எழ முடியாமல் கிடந்தது எல்லாவற்றுக்கும் இதுதான் காரணமா? பயத்தோடு பயமாக ஓர் ஆறுதலும் வந்தது. அப்படியானால் தப்பு தன்னுடையது இல்லை.

"புஷ்பா, நெஜமாவே வெச்சிருக்கான் புஷ்பா. என் நட்சத்திரம்கூட போட்டிருக்கான்! இந்த ஒலகத்துல ஒன்னயும் என்னயும் விட்டா என் நட்சத்திரம் யாருக்குத் தெரியும்?"

"அதாங்க எனக்கும் பயமா இருக்கு" என்றாள் புஷ்பவல்லி.

சபாபதி எழுத்துகளை விரலால் தடவினார். "பேரச் சரியா எழுதியிருக்கான். ஒரு எழுத்துகூட பிசகல" என்றார், மறுபடியும் தடவிக்கொண்டே.

"பேசிக்கிட்டு இருக்காதீங்க. ஓடுற தண்ணியில விடணுமாம். மொதல்ல ரெண்டு பக்கமும் நல்லா தேய்ச்சிக் கழுவணும். அப்புறம் தலையச் சுத்தி வீசிட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும். நல்லா தேய்ச்சிக் கழுவுங்க, என்னா? பொம்பளைங்க பாக்கக் கூடாதாம். நான் இங்கயே நிக்கிறேன்." அவள் குடையோடு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

சபாபதி ஆற்றங்கரைப் படியில் இறங்கினார். கலங்கிய தண்ணீர், கனத்துப் போய்க்கொண்டிருந்தது. குந்தி உட்கார்ந்து தகட்டை முக்கித் தேய்த்தார். மஞ்சள் கரைந்து விரலிடுக்கில் ஓடியது. மஞ்சளுக்கு அடியில் ஏதோ எழுத்து. இன்னும் தேய்த்தார். ஆங்கிலம்.

செய்வினைக்காரன் ஆங்கிலம் படித்தவனா என்று ஒரு கணம்தான் நினைத்தார். அடுத்த கணம் புரிந்துவிட்டது. நாலு வரி. நீண்டகால உழைப்பைப் பாராட்டி. அதற்குக் கீழே அவர் பெயர். எஸ், ஏ, பி, ஏ என்று ஒழுங்காகத் தொடங்கி, அதற்கப்புறம் யாரோ பழக்க தோஷத்தில் ஓர் 'ஆர்' அடித்திருந்தார்கள். சபார் பதி. இத்தனை வருஷம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஓர் ஆணிகூட ஸ்டோரை விட்டு வெளியே போகும். அந்தப் பெயரை எழுதத் தெரியாமல், பொறுமை என்று பெயர் வைத்து அனுப்பியிருந்தார்கள். இதைத்தான் அவர் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

முதலில் வந்தது கோபம். ஏமாற்றிவிட்டாள்! இப்போதே திரும்பி ஒரு சத்தம் போட்டால் பந்தயம் அவருக்கு. கிள்ளான் பேச்சு ஒழிந்தது. வீட்டுக்குப் போகலாம். போய்... நாற்காலியில் உட்காரலாம். கதவைப் பார்த்துக்கொண்டு.

தகட்டைத் திருப்பிப் பார்த்தார். கட்டங்கள் கோணல்மாணல். 'ப' ஒன்றில் ஆணி சறுக்கியிருந்தது. மூணாவதோடு நின்ற கை. அவர் தூங்கும் நேரம் பார்த்து, சத்தம் கேட்காமல், ஒவ்வோர் எழுத்தாகக் கீறியிருக்கிறாள். கம்பெனி மிஷினில் அடித்தும் தப்பாய்ப் போன பெயர், இவள் கையில் சரியாக வந்திருக்கிறது.

தகட்டைத் தலையைச் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. வீசினார். சபார் பதி ஒருமுறை பளிச்சென்று மின்னிவிட்டு ஆற்றோடு போனான். சபாபதி திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

"திரும்பிப் பாக்கலியே?" என்றாள் அவள்.

"பாக்கல."

"ஏங்க கண்ணு செவந்திருக்கு?"

"மஞ்சத் தண்ணி தெறிச்சிடுச்சி" என்றார். பிறகு, "சொல்லு. நீ சொல்றபடி கேக்குறேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நாளைக்கு அண்ணன் கட."

"சரி."

வழியெல்லாம் மழை. நனைந்துகொண்டே ஓட்டினார். தோற்றதில் வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. நாளைக்கு மச்சான் முன்னால் போய் நிற்க வேண்டும், அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சின் ஒரு மூலையில் ஒரு சின்னப் பெருமையும் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தே விட்டுக்கொடுத்தேன். புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பவல்லி உள்ளே போனாள். சபாபதி மிஷினைத் துடைத்து வீரசிங்கத்திடம் திருப்பிக் கொடுத்தார். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து மணல் இருக்கிறதா என்று ஆராய்ந்தார்.

"நல்லாக் கத்தினதோ, தம்பி?"

"நல்லாவே கத்திச்சிண்ணே."

"கத்தும். போன கிழமை உங்கட மனுசி ஒரு செம்புத் தகட்டைக் கொண்டுவந்து, மண்ணுக்குள்ள வைச்சாலும் கேட்குமோ எண்டு பூச்சட்டியில தாட்டுச் சோதிச்சுப் பாத்தவா. வலு கவனமான ஆள்."

யோசனை யார் மூளையில் உதித்தது என்பது சபாபதிக்கு அப்போதுதான் தெரிந்தது. பரவாயில்லை. ஆற்றங்கரை ரகசியம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

கண்ணாடி அலமாரியில் மரப் பலகை முதல்முறையாக முன்பக்கம் திரும்பி நின்றது. நடுவில் தகடு இல்லை. தகடு இருந்த இடத்தில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு பெரிய சாவி, கடைச் சாவி. சாவி வளையத்தில் அந்த வெள்ளிக் கொலுசு மணி கட்டியிருந்தது. தொட்டார். கிணுங்கியது. கொக்கியைச் சுற்றித் தூசி படிந்திருந்தது, இன்று அடித்தது அல்ல.

"சாவி எப்ப வந்திச்சி?" என்று குரல் கொடுத்தார்.

"அது வந்து ஒரு வாரமாச்சிங்க" என்றது அடுப்பங்கரை. "பலகைக்குப் பின்னாலயேதான் தொங்கிக்கிட்டு இருந்திச்சி. நீங்கதான் அந்தப் பக்கமே பாக்குறதில்லியே."

இனிப் பொறுக்க முடியாது. கையிலிருந்த ஒரே துருப்புச் சீட்டை சபாபதி போட்டார். மார்பை நிமிர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, அவள் கையிலிருந்து கரண்டி நழுவி விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு சொன்னார்:

"புஷ்பா, நீ நெனைக்கிற மாதிரி நான் ஒண்ணும் ஏமாறல. மஞ்ச கரைஞ்சதுமே ஆத்தங்கரையில எல்லாத்தையும் பாத்துட்டேன். தெரிஞ்சிதான் வீசினேன்."

கரண்டி விழவில்லை. காப்பி ஆற்றும் சத்தம்கூட நிற்கவில்லை.

"பின்ன? நல்லா தேய்ச்சிக் கழுவுங்கன்னு எதுக்குங்க ரெண்டு வாட்டி சொன்னேன்?"